சவர்க்காரம் போடும்போது தண்ணீரை மூடு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பலாங்கொடை பஸ் நிலையத்தில் சுமித்ரா டீச்சர் எனக்குச் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் பல தடவை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு எழுத்தில் வரமாட்டேன் என்கிறது. அதனால் தொடக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் மாத வெயில் மலையைச் சுட்டெரித்துக்கொண்டு

வேண்டாம். வெயிலில் தொடங்கினால் சோகக் கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

2

சுமித்ரா தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் புதியவள். (கதைக்குள் வந்ததும் 'ர்' போய் 'ள்' வந்துவிட்டது. டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) அன்று தண்ணீர்ச் சிக்கனம் பாடம். 'சவர்க்காரம் போடும்போது தண்ணீரை மூடு' என்று கரும்பலகையில் எழுதினாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"டீச்சர், எங்க லயத்துல அத்தன வீட்டுக்கும் ஒரு பீலிதான், திருகு இல்லாத கொழா. அத மூட முடியாதே," என்றாள் லோஜினி. "இப்ப அதுலயும் நூலாட்டந்தான் வருது. எங்கம்மா குடத்த வச்சிட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கிறாங்க."

சுமித்ராவுக்கு முகம் சூடேறியது. புத்தகத்தை மூடினாள்.

"சரி. அப்ப தண்ணி எங்க வீணாப் போகுது? நீங்களே காட்டுங்க, பாப்போம்."

3

பிள்ளைகள் அவளை மேட்டிலிருந்த தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்கின. ஒன்று லயத்துப் பீலிக்கு, மற்றது நேர் கீழே தெரிந்த, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவுக்கு. பங்களாப் புல்தரையில் ஒரு ஹோஸ் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. புல் குளமாகியிருந்தது.

"டீச்சர், பங்களா வால்வ மூடிரவா?" லோஜினியின் கை ஏற்கெனவே அதன்மேல் இருந்தது.

சுமித்ரா நெஞ்சை நிமிர்த்தி, "அநீதியை

இல்லை, அவள் அப்படிப்பட்டவள் அல்ல. பயந்தாள். லோஜினியின் அம்மா விஜயகலா கொழுந்து பறிப்பது இதே தோட்டத்தில். துரைக்குக் கோபம் வந்தால் முதலில் அடிபடுவது அவள் வேலைதான்.

"கைய எடு. நானே மூடுறேன்," என்று வால்வைத் திருகினாள்.

சற்று நேரத்தில் லயத்துப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. "அடியே, தண்ணி கொட்டுதுடி! ஓடியாங்க!"

4

(துரையை எப்படி எழுதுவது என்பதுதான் பெரிய தொல்லை. முதல் பிரதியில் அவர் மீசையை முறுக்கினார். பிறகுதான் டீச்சர் அவருக்கு மீசையே இல்லை என்றார்.)

நடந்தது இதுதான். பங்களாவிலிருந்து துரை, இடுப்பில் துவாயும் தலை நிறையச் சவர்க்கார நுரையுமாக, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தட்டுத் தடுமாறி வெளியே வந்தார்.

"கவுத வத்துர வெஹுவே?" தண்ணீரை மூடியது யார் என்று சிங்களத்தில் கத்தினார்.

சுமித்ரா வாயைத் திறக்குமுன், லோஜினி மேட்டிலிருந்து சிங்களத்திலேயே கத்தினாள்: சவர்க்காரம் போடும்போது தண்ணீரை மூட வேண்டும் சேர், டீச்சர் படிப்பித்தார்!

துரையின் தோள்கள் குலுங்கின. சுமித்ரா லோஜினியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகுதான் தெரிந்தது, மனிதர் சிரிக்கிறார்.

"ஹரி, ஹரி, சரிதான். நல்ல டீச்சர்," என்றார் தோட்டத் தமிழில். "கண்ணு எரியுது. இப்ப தண்ணி எங்க?"

"பீலியில, தொரை!" வகுப்பே கத்தியது.

பிள்ளைகள் மேட்டிலிருந்து இறங்கியோடி, ஆளுக்கொரு விரலைப் பிடித்து அவரைப் பீலிக்கு நடத்திப் போனார்கள். வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். விஜயகலா மகளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், நிறைகுடத்தைத் தூக்கித் துரையின் தலையில் கவிழ்த்தாள். (தண்ணீர்ச் சிக்கனத்துக்கு இது பொருந்தாது. தெரியும்.)

5

கண் தெளிந்ததும் துரை வழிகிற குழாயைப் பார்த்தார், குட வரிசையைப் பார்த்தார்.

"இனித் தொறக்கலாமா?" என்று லோஜினியிடம் கேட்டார்.

"பாதி தொறக்கலாம்."

ஈரத் துவாயோடு மேடேறிப் போய், அவரே பாதி திறந்தார்.

அந்தப் பாதி அப்புறமும் பாதியாகவே இருந்ததா? நான் கேட்பதற்குள் டீச்சரின் பஸ் வந்துவிட்டது. புதுத் துரை ஒருவர் வந்து முழுதாகத் திறந்துகொண்டார் என்று எழுதலாம். லயத்துக்கென்று தனித் தொட்டி கட்டினார்கள் என்றும் எழுதலாம். பிடித்ததை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். என்னால் பீலியடியை விட்டு நகர முடியவில்லை. நுரை இன்னும் போகவில்லை என்று யாரோ சொல்கிறார்கள், விஜயகலா இரண்டாவது குடத்தைத் தூக்குகிறாள், துரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், பிள்ளைகள்