வெறுந்தரை

அட்டையில் வெட்டிய வட்டத்தையும் முக்கோணத்தையும் மாற்றி மாற்றி வரிசையாக வைக்கச் சொல்லியிருந்தாள் அங்கன்வாடி டீச்சர் கோகிலா. நித்யஸ்ரீயின் முன்னால் மட்டும் வெறுந்தரையாக இருந்தது.

"ஏஞ்சாமி, நீ வெக்கலையா?"

"எங்க ஊட்ல கோலம் போடக் கூடாதுங்க டீச்சர். தம்பி செத்துட்டானில்லீங்க."

"இது கோலமில்ல சாமி, பாடம்."

நித்யஸ்ரீ வாசலைக் காட்டினாள். காலையில் கோகிலா போட்ட கோலம் பளிச்சென்று தெரிந்தது.

"அது கோலந்தானுங்களே? தம்பி இங்கயுந்தானுங்களே வந்தான்?"

போன வாரம் கோகிலாவின் மடியில் உட்கார்ந்துதான் அவன் முட்டை தின்றான். சாவு வீட்டில் இவளும் வாய்விட்டு அழுதாள். ஆனாலும் இந்த வாசலில் ஒரு நாள்கூடக் கோலம் போடுவதை நிறுத்தவில்லை.

கோகிலா வாளியில் தண்ணீரை மொண்டுகொண்டு வாசலுக்குப் போனாள்.