மூன்றாவது கம்பம்

சிமெண்ட் குடோனில் இருபத்தேழு வருஷம் மூட்டை தூக்கியவன் நான். அங்கே எனக்குப் பெயரே குதிரை. இப்போது எங்கள் தெருவில் மூன்றாவது விளக்குக் கம்பத்தை எட்டுவதற்குள் வலது கெண்டைக்கால் கயிறு போட்டு முறுக்கியது மாதிரி இறுகிவிடுகிறது. காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதாம்.

"தினமும் நடங்க. வலிச்சா நில்லுங்க, விட்டதும் மறுபடி நடங்க. மூணு மாசத்துல தூரம் கூடலைன்னா ஆபரேஷன்தான். உங்க இதயம் அதைத் தாங்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. அவர் எழுதித் தந்த சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

முதல் நாள் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் கத்தியதை என் மனைவி பார்த்துவிட்டாள். மறுநாள் காலை பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். மூன்றாவது கம்பத்துக்குப் பத்தடி முன்பாகவே போட்டாள்.

"உட்காருங்க."

"இன்னும் வலிக்கல."

"வலிச்சாத்தான் உட்காருவீங்களோ? உட்காருங்கன்னா."

உட்கார்ந்தேன். கம்பத்துக்கு எதிர்வீட்டுத் தையல்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"என்ன குதிரையண்ணே, சிம்மாசனம் முன்னால போகுது, ராஜா பின்னால வர்றாரு?"

"நாள் பூரா உட்கார்ந்தே பொழைக்கிறவன் ஸ்டூலைப் பத்திப் பேசாதே" என்றாள் அவள்.

அப்படியே மூன்று மாதம். ஒருநாளும் தவறவில்லை. மழையில்கூட ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் என்னை நடக்க விட்டுப் பார்த்தார்கள். அதே தூரம். ஓரடி கூடவில்லை.

"நடந்தீங்களா இல்லையா?"

"ஒருநாள் விடாம நடந்தாரு டாக்டர். வலிக்க விட்டதே இல்ல. முன்னாடியே உட்கார வச்சிடுவேன்" என்றாள் மனைவி. குரலில் பெருமைகூட இருந்தது.

டாக்டர் பேனாவை மூடினார். "கொஞ்சம் வலிக்கிற வரைக்கும் நடக்கணும்மா. அப்பத்தான் ரத்தம் வேற வழி தேடும். நீங்க அதுக்கு முன்னாடியே நிறுத்தியிருக்கீங்க." இன்னும் ஆறு வாரம் தருவதாகச் சொன்னார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல ஸ்டூலை எடுத்தாள். முன்னால் நடந்தாள். அந்த இடம் வந்தது. நிற்கவில்லை. மூன்றாவது கம்பத்தையும் தாண்டிப் போனாள்.

"ஏய்!"

திரும்பவில்லை. கெண்டைக்கால் முறுக்க ஆரம்பித்தது. ஐந்தாவது கம்பத்தடியில் ஸ்டூலைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளே உட்கார்ந்துவிட்டாள்.

தையல் மெஷின் சத்தம் நின்றது. தையல்காரன் எட்டிப் பார்த்தான், தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

இன்னும் ஏழெட்டு அடி வைத்தேன். அதற்கு மேல் முடியாமல் சுவரைப் பிடித்து நின்றேன். வலி ஒவ்வொரு மூட்டையாக இறங்கியது. மறுபடி நடந்தேன். மறுபடி நின்றேன். அவள் முதுகு அசையவில்லை.

ஐந்தாவது கம்பத்துக்கு வந்து சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"எந்திரி."

"உட்காரணுமா?" திரும்பாமலேயே கேட்டாள்.

"இல்ல. ஆறாவதுக்குப் போகலாம்."

எழுந்தாள். முழங்கையால் முகத்தைத் துடைத்தாள். நான் பார்க்கவில்லை. ஸ்டூலை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். கனமே இல்லை.