மைக் கை மாறிய நாள்

சுற்றுலா வழிகாட்டி இறந்தபின், அந்த வேலையைத் தனக்குத் தரும்படி அவர் மனைவி கேட்டாள். "ஒரு நாள் பார்ப்போம். சொதப்பினா அவ்வளவுதான்" என்ற பேருந்து முதலாளி, தானும் ஏறிக்கொண்டார்.

கணவர் சவரம் செய்தபடி ஒத்திகை பார்த்ததைக் கேட்டுக் கேட்டு, கோட்டையும் ஆறும் பழைய போர்களும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மலையடிவாரத்தில் ஒரு பயணி, "அது என்ன பூம்மா?" என்றார்.

கணவராக இருந்தால், தெரியாவிட்டாலும் ஒரு ராணியின் பெயரைச் சூட்டியிருப்பார். அவள் மைக்கை இறுகப் பிடித்தாள்.

"தெரியலைங்க. இறங்குங்க, இங்க இருக்கறவங்களையே கேட்போம்."

எல்லோரும் இறங்கினார்கள்.

"உம் புருஷன் ஒரு நாளும் தெரியாதுன்னு சொன்னதில்லையேம்மா!" என்றார் முதலாளி.

"ஆமாண்ணே. அதான் இந்த மலையில பாதிப் பூவுக்கு ஒரே ராணி பேரு."

முதலாளி சிரித்துவிட்டார். "நாளைக்கு வண்டி விடியக்காலைல கிளம்பும். நேரத்துக்கு வந்துரு."