வீட்டிலேயே கட்டிக்கொள்கிறோம்

வீடு மாற்றித் தரும் கம்பெனியிலிருந்து வந்த பெண், சமையலறை மேல் அலமாரியை ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சம் சார் நிலைப்படியை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் எங்கோ ஒரு மீட்டர் ஓடுவதுபோல் இருந்தது அவருக்கு.

"திறந்து பாக்கறதுக்கெல்லாம் காசு உண்டாம்மா?"

"இல்ல சார். உள்ள இருக்கறத வெளிய எடுக்கத்தான் காசு" என்றாள் அவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மிச்சம் சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கு அவர் பொறுப்பு. புது போல்ட் கேட்டுப் போனால், "பழைய போல்ட் எங்கய்யா?" என்பார். அங்கே வைத்த பெயர் தெருவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இல்லாத வீட்டில் பிறந்து, இறுக்கிப் பிடித்தே தங்கைகளைக் கரையேற்றியவர். அந்தக் கை இன்னும் தளரவில்லை. அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. யாரைப் பிழிந்து மிச்சம் பிடித்தார் என்பதுதான் கேள்வி.

அந்தப் பெண் தொகையைச் சொன்னாள். வண்டியும் ஏற்றி இறக்கும் ஆட்களும் ஒரு தொகை. சாமான்களைச் சுற்றிப் பெட்டியில் கட்டித் தருவது தனி. அது வண்டிக் கூலிக்குச் சமமாக இருந்தது.

"நாலு தெரு தள்ளிப் போறதுக்கா இவ்வளவு?"

"தூரத்துக்கு இல்ல சார். வண்டி கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். கட்டறதுதான் வேலை. அதுலயும் சமையலறை இருக்கே, அதுக்கு மட்டும் ரெண்டு ஆள் ஒரு நாள் முழுக்க நிக்கணும்."

"அப்ப அந்தக் கட்டறத எடுத்துடுங்க. காலிப் பெட்டி மட்டும் குடுங்க. நாங்க வீட்டிலேயே கட்டிக்கறோம்."

"யாரு சார் கட்டுவாங்க?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. "எங்க வீட்டம்மா இருக்காளே! எத்தனை வீடு மாத்தியிருக்கோம், ஒரு டம்ளர் உடைஞ்சதில்ல, தெரியுமா?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "நம்ம வீட்ல எத்தனை டம்ளர் இருக்குன்னு அவரக் கேளும்மா."

மிச்சம் சார் சிரித்தார். வந்தவள் சிரிக்கவில்லை. விடைகொடுக்க எழுந்த அந்த அம்மா, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மேசையில் ஊன்றித்தான் எழுந்தாள். அதைக் கம்பெனிப் பெண் கவனித்துவிட்டாள்.

மனைவிக்குப் போன மாதம்தான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். நிறைந்த வாளியைக்கூடத் தூக்கக்கூடாது, மூன்று மாதம் ஜாக்கிரதை என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் மிச்சம் சாரே தண்ணீர் பிடித்து வைத்தார், பாத்திரம் தேய்த்தார், சோறுகூட வடித்தார். ஒருநாள் அவள் எழுந்து காபி போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான். காபி போடுகிறாள் என்றால் உடம்பு சரியாகிவிட்டது என்று அவராகவே தீர்மானித்துக்கொண்டார். நோயாளி அடுப்படியில் நின்றுவிட்டால் நம் வீடுகளில் அதுதானே டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்!

காலிப் பெட்டிகள் வந்து இறங்கின. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது தட்டையாகக் கிடக்கும் பெட்டி, மாலையில் திரும்பும்போது வயிறு நிறைந்து, வாய் ஒட்டப்பட்டு, சுவரோரம் நிற்கும். மேலே அவள் கையெழுத்தில் 'துணி', 'போர்வை' என்று இருக்கும். அவர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். "பாத்தியா? இதுக்குப் போய் அவ்வளவு காசு கேக்கறாங்க!" என்பார். அவள் சுருண்டு படுத்திருப்பாள். அலுப்பு போலிருக்கிறது என்று விளக்கை அணைப்பார்.

அந்த வாரம் ஒருநாள் காலையில் பணிமனையில் ஒரு சம்பவம். குடலிறக்க அறுவை முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த, கடைசல் பிடிக்கும் லேத்காரர், கிடங்கில் ஒரு கியர்பெட்டியை நகர்த்தக் குனிந்தார். மிச்சம் சார் மேசையைத் தாண்டி ஓடிவந்தார்.

"யோவ்! கைய எடுய்யா முதல்ல! தையல் விட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"லேசாத்தான் சார் நகத்துறேன்..."

"லேசாவுமில்ல, கனமாவுமில்ல. டாக்டர் லெட்டர் குடுத்தது எதுக்கு? ஆளக் கூப்பிடு. ஆளில்லன்னா அது அங்கேயே கிடக்கட்டும். ஒண்ணும் குடி முழுகிடாது."

லேத்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அண்ணன்கூட இப்படிச் சொன்னதில்ல சார்." மிச்சம் சாருக்கும் நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவோடு கைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

"ஏம்மா, புத்தகப் பெட்டி ரெண்டும் உள் ரூம்ல கிடக்கு பார். அத கூடத்துக்குத் தள்ளி வச்சுடு. வண்டிக்காரன் வந்து ரூம் ரூமா தேடிட்டு நின்னா காத்திருந்த காசும் கேப்பான்."

"சரிங்க" என்றாள் அவள்.

அன்று மதியம், புது வீட்டுச் சாவி வாங்க அரை நாள் விடுப்பில் வந்தவர் கதவைத் தள்ளினார். கதவு ஒரு பெட்டியில் இடித்தது. புத்தகப் பெட்டி பாதிக் கூடத்தில் நின்றது. அதன்மேல் சாய்ந்து, கால் நீட்டி, மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. சேலையில் ரத்தம்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

தண்ணீர் எடுக்க ஓடினார். டம்ளர் இல்லை. எல்லா டம்ளரையும் அவள் கட்டி முடித்திருந்தாள். எந்தப் பெட்டியில் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் உள்ளங்கையில் ஏந்தி வந்து குடிக்கவைத்தார். பாதி வழியிலேயே சிந்திவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தையல் போட்டு முடித்து வெளியே வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. "உள்தையல் ஒண்ணு விட்டிருக்கு. திரும்ப போட்டிருக்கேன். இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா உயிருக்கே ஆபத்தாப் போயிருக்கும். யாரு கனம் தூக்கச் சொன்னது?"

மிச்சம் சார் வாயைத் திறந்தார். உள்ளே கட்டிலிலிருந்து மனைவியின் குரல் முந்திக்கொண்டது. "யாரும் சொல்லல டாக்டர். நானேதான் தூக்கினேன்."

டாக்டரம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்தவருக்குக் காலையில் தானே போட்ட சத்தம் காதில் கேட்டது. கையை எடுய்யா முதல்ல. ஊரான் வயிற்றுத் தையலுக்கு அப்படிக் கத்திய வாயால், அடுத்த நிமிடமே எதைச் சொன்னோம்?

அவளை வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள், சமையலறையில் மீதி இருந்ததை அவரே கட்ட உட்கார்ந்தார். ஊறுகாய் ஜாடியைப் படுக்கவைத்தார். எண்ணெய் வழிந்து, சுற்றிவைத்த படுக்கை விரிப்பெல்லாம் நனைந்தது. பீங்கான் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கினார். பெட்டியின் அடிப்பக்கத்தை ஒட்ட மறந்திருந்தார். வீடே அதிரும்படி ஒரு சத்தம். உள்ளே படுத்திருந்தவள் கேட்டாள்: "டம்ளரா, தட்டா?"

"தட்டு" என்றார் மெதுவாக.

"சரி விடுங்க. செருப்பப் போட்டுட்டு நடங்க, கால்ல குத்திடப் போகுது."

அங்கேயே உடைசலுக்கு நடுவில் உட்கார்ந்து கம்பெனிப் பெண்ணுக்கு போன் செய்தார். "கட்டறதுக்கும் ஆள் அனுப்பும்மா."

"மாசக் கடைசி சார். அன்னிக்குச் சொன்ன ரேட் வராது, கூட ஆகும்."

"ஆகட்டும்."

அவள் போனை வைக்கவில்லை. "அந்த அக்கா நல்லாருக்காங்களா சார்?"

"படுத்திருக்காம்மா. ஆள மட்டும் சீக்கிரம் அனுப்பு" என்றார்.

ஆட்கள் வந்தார்கள். இரண்டு பேர் சமையலறையில் நாள் முழுக்க நின்றார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தன் வேலையை இரண்டு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதை வேடிக்கை பார்த்தாள். இடையில் அவர்களுக்குக் காபிகூட வந்தது. மிச்சம் சார்தான் போட்டார். ஒருவர் வாயில் வைத்துவிட்டு மரியாதைக்காக விழுங்கினார்.

"காசு நிறைய ஆச்சு இல்ல?" என்று கேட்டாள் அவள்.

"இத்தனை வருஷமும் ஆயிட்டுத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். கோபமில்லை அந்தக் குரலில். அதனாலேயே அவர் தலை கவிழ்ந்தது.

வீடு மாறி வேலைக்குத் திரும்பிய அன்று, லேத்காரர் கிடங்கு வாசலில் நின்றுகொண்டு கேட்டார். "என்ன சார், இந்தத் தடவை எவ்வளவு மிச்சம்?"

மிச்சம் சார் பேரேட்டை மூடினார். "நான் இதுவரைக்கும் மிச்சமே பிடிச்சதில்லய்யா. கூலி குடுக்கலன்னா செலவே இல்லன்னு நினைச்சுட்டேன். கூலி குடுக்காத வேலைக்கும் யாரோ ஒருத்தர் குடுத்துட்டுத்தான் இருக்காங்க, உடம்பால. எங்க வீட்ல அவ குடுத்தா." பேரேட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்: "உனக்கு இங்க லேசான வேலைதான் குடுத்திருக்காங்க. வீட்ல தண்ணி யாரு தூக்கறா?"

லேத்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "அவதான் சார்... அவளுக்கும் முதுகு வலின்னு சொல்லிட்டே இருக்கா."

"வலின்னு சொல்றாளே, அந்த மட்டுக்கும் நீ புண்ணியவான்" என்றார் மிச்சம் சார். "சொல்றப்பவே கேட்டுக்க. என் வீட்டுக்காரி சொல்லவே இல்ல. நானும் கேக்கவே இல்ல."