நொட்டாங்கை ராஜா

என் மகள் பூமாரிக்கு எல்லாமே இடது கைதான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அதை நொட்டாங்கை என்போம். வலது கை சோத்தாங்கை. பெயரிலேயே சோற்றை அந்தக் கைக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள். என் மகள் அந்தப் பட்டாவை மதிக்கவே இல்லை. கிலுகிலுப்பையோ கரண்டியோ, எதை நீட்டினாலும் இடது கைதான் முந்திக்கொண்டு வரும்.

எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை கண்டது என் மதினி பிச்சம்மாள், என் வீட்டுக்காரர் அய்யாத்துரையின் அக்கா. தாராவியில் ஒற்றை அறை வீட்டைக் கோலி என்பார்கள்; எங்கள் கோலிக்கு அடுத்த கோலி அவளுடையது. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்து, பம்பாய்க்குக் கூட்டி வந்து, மளிகைக் கடையும் வைத்துக் கொடுத்தவள். அதனால் எங்கள் வீட்டிலும் அவள் வைத்ததுதான் சட்டம். கடையில் நாலு பாஷையில் சத்தம் போட்டு வியாபாரம் பண்ணுகிற மனுஷனுக்கு, அக்காவைக் கண்டால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

பூமாரிக்கு ஆறு வயது நடந்தபோது மதினி ஒரு பழைய துண்டைக் கொண்டுவந்து, பிள்ளையின் இடது கையை முதுகோடு வைத்துக் கட்டினாள்.

"பொட்டப்புள்ள நொட்டாங்கையால சோறு திங்கா. நாளைக்கு அதே கையாலதான் பரிமாறுவா. எவன் வீட்ல ஏத்துக்கிடுவான்? கழுவுத கைக்கும் திங்குத கைக்கும் வித்தியாசம் வேண்டாமா?" என்றாள்.

வலது கையால் அள்ளிய சோறு பாதி பிள்ளையின் மடியிலேயே விழுந்தது. அவள் அழக்கூட இல்லை. குனிந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தின்றாள். மதினி தலை மறைந்ததும் அவிழ்த்துவிடுவேன். அவள் வந்ததும் மறுபடி கட்டுவாள். எதிர்த்துக் கேட்டால், "அவ என் தம்பி மக. நடுவுல நீ யாரு?" என்பாள். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சுவரில் அப்படி என்னதான் எழுதியிருந்ததோ.

அந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் படம் போட்டார்கள்.

எங்கள் பெண்களுக்குப் படம் என்றால் அதுதான். ஆண்கள் தியேட்டருக்குப் போவார்கள். பக்கத்து மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குத் தமிழ்ப் படம் வந்துவிட்டால் கடையை அடைத்துவிட்டுக்கூட ஓடுவார்கள். ஊரில் இருக்கும்போதே டாக்கீஸ் பக்கம் தலைகாட்டாத எங்களுக்கு வீட்டு வாசலே தியேட்டர். வாடகைக்குப் படம் காட்டுகிற இனாயத்துல்லா பாய் சின்ன மிஷினையும் படப்பெட்டிகளையும் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வருவார். நாங்கள் நாலு வேட்டிகளை ஒன்றாகத் தைத்துக் கொடுப்போம். அதைத் தெருவின் குறுக்கே கட்டுவார்கள். மிஷின் இருக்கும் பக்கம் ஆண்கள், வேட்டிக்குப் பின்பக்கம் பெண்கள். எங்கள் தெருக் கட்டுப்பாடு அப்படி. சின்னப் பிள்ளைகள் மட்டும் கீழே நுழைந்து இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும். துணி மெல்லிசு என்பதால் எங்கள் பக்கமும் படம் நன்றாகவே தெரியும்.

அந்தச் சுகமே தனி. வெங்காயம் உரித்துக்கொண்டே பார்க்கலாம், காலை நீட்டிக்கொண்டு பார்க்கலாம். கெட்டவன் வந்தால் வாய்க்கு வந்தபடி திட்டலாம், யாரும் உஸ் என்று சொல்ல மாட்டார்கள். பாய் சுருள் மாற்றுகிற நேரத்தில் ஓடிப்போய் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்துவிடலாம். சுனாபட்டியிலிருந்தும் மான்குர்திலிருந்தும் சொந்தக்காரப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவார்கள். எங்கள் தெருக் கொடைக்கு உள்ள பேர் அப்படி.

அன்றைக்குப் போட்டது ஒரு ராஜா கதை. எதிரிகள் சூழ்ச்சி செய்து ராஜாவைத் துரத்திவிடுகிறார்கள். மாறுவேஷத்தில் அலைந்து, பசியோடு ஒரு குடியானவன் குடிசைக்கு வருகிறார். இலை போட்டுச் சோறு வைக்கிறார்கள். ராஜா கையை நீட்டி அள்ளினார். இடது கை!

நான் முழங்காலில் எழுந்துவிட்டேன். "மதினி, பாத்தியளா? ராசாவே நொட்டாங்கையாலதான் திங்காரு!"

மதினி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அதற்குப் பிறகு ராஜா மறுபடி வாளை உருவியதும் இடது கை, எதிரியைக் குத்தியதும் இடது கை, கடைசியில் செங்கோல் வாங்கியதும் இடது கை. அத்தனை பெண்களும் சாட்சி. ராணி முந்தானையை வலது தோளில் போட்டிருந்ததையும் பார்த்தோம். தாதரில் குஜராத்தி வீட்டுப் பெண்கள் அப்படித்தானே போடுகிறார்கள், அரண்மனையிலும் அதுதான் வழக்கம் போல என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

மறுநாள் மதினி துண்டோடு வந்தாள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"முதல்ல அந்த ராசா கையக் கட்டிட்டு வாங்க மதினி. பிறகு எம்மவ கையக் கட்டலாம்."

தெருவே சிரித்தது. மதினி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனவள், அதன் பிறகு கட்டவே இல்லை. ராஜாவையே சாட்சிக்கு இழுத்து ஜெயித்தேன் என்று குழாயடியில் நான் அடித்துக்கொண்ட பெருமைக்கு அளவே கிடையாது. பூமாரி அந்தக் கையாலேயே தின்றாள், எழுதினாள், வாசலில் கோலம் போட்டாள். அவள் கோலத்தைத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அதே ராஜா படம் மாட்டுங்காவில் காலைக் காட்சிக்கு வந்தது.

"இங்கேருங்க, எங்களையும் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போங்க. பூமாரி அவ ராசாவப் பெருசாப் பாக்கட்டும்" என்றேன்.

அவர் பதறிப்போனார். "வாசல்ல ஒக்காந்து பாத்த படம்தானளா? அங்க போனா மூணு மணி நேரம் நாற்காலியில முடங்கிக் கெடக்கணும். வாயத் தொறக்க முடியாது. உனக்குச் சரிப்படாது."

"வாய மூடிக்கிட்டுப் பாக்கேன்."

"கூட்டமா இருக்கும். வீட்ல பாக்க சொகம் வருமா?"

கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். விடவில்லை. கேள்விப்பட்டு மதினியும் கிளம்பினாள். "நானுந்தான் அந்த நொட்டாங்கை ராசாவக் கிட்டத்துல பாக்கேனே" என்றாள். தெருவிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கொடைக்கு எடுத்த சேலையைக் கட்டி, மாட்டுங்கா மார்க்கெட்டில் மல்லிகைப்பூ வாங்கி வைத்து, வடைப் பொட்டலத்தோடு வரிசையாகப் போனோம். வீட்டுக்காரர் மட்டும் பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

தியேட்டர் தியேட்டர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ராஜாவின் மீசையே எங்கள் கோலி அகலத்துக்கு இருந்தது. குதிரைகள் ஓடினால் நாற்காலி அதிர்ந்தது. எங்கள் வேட்டித் திரையை நினைத்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அப்போது ராணி வந்தாள். முந்தானை இடது தோளில் கிடந்தது.

"ஏக்கா, ராணி சேலைய மாத்திக் கட்டிருக்கா" என்றாள் எங்கள் வரிசையில் ஒருத்தி.

அடுத்து ராஜா வாளை உருவினார், வலது கையால். எனக்குப் பகீர் என்றது. ஒரு விநாடிதான். என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது, புரிந்ததாக நினைத்தேன். எழுந்து நின்று, பின்னால் வெளிச்சம் வரும் ஓட்டையைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏ மிஷின்காரரே! படத்தத் திருப்பிப் போட்டிருக்கீரு! உல்ட்டா ஓடுது, உல்ட்டா!"

தியேட்டரே கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் இருந்த மாட்டுங்கா மாமி ஒருத்தி திரும்பி, "உக்காருங்கோ. படம் சரியாத்தான் ஓடறது" என்றாள்.

"எங்க வாசல்ல பாத்த படம், எங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "ஏளா, சத்தம் போடாத. இதுதான் நேர். நீங்க வேட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்ததுனால எல்லாம் இடம் வலமா மாறித் தெரிஞ்சிருக்கு. ராசாவுக்குச் சோத்தாங்கைதான்."

திரையில் குடிசை வந்தது. இலை வந்தது. ராஜா வலது கையை நீட்டிச் சோற்றை அள்ளி, எல்லாரையும் போலத் தின்றார். இவ்வளவு பெரிய திரையில் ஒரு பருக்கையைக்கூட மறைக்க முடியாது. என் சாட்சி எனக்கு எதிராகவே திரும்பி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்.

இடைவேளைக்கு விளக்கு எரிந்தபோது மதினி பூமாரியின் இடது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பாத்தியாளா தங்கமயிலு? ராசா கத விட்டு ரெண்டு வருசமா ஊரையே ஏமாத்திட்ட. வீட்டுக்குப் போன உடனே கட்டுதேன். இனிமே நீ வாசல்ல வந்து நிக்கப்படாது."

என் பிள்ளை மறுபடி மடியில் சோற்றைச் சிந்திப் பொறுக்கப் போகிறாள் என்பது மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

"எனக்கு முன்னாலயே தெரியும் அத்தை" என்றாள் பூமாரி.

"என்னத்தட்டி தெரியும்?"

"ராசாவுக்குச் சோத்தாங்கைன்னு. அன்னைக்கி நான் அந்தப் பக்கம் ஓடி அப்பா மடியில இருந்துதான படம் பாத்தேன். அம்மா இந்தப் பக்கம் இருந்து கத்துனது கேட்டுச்சு. அப்பா, அம்மா தப்பாச் சொல்லுதாளேன்னு கேட்டேன். சொல்லாத, பேசாம இருன்னாரு."

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அக்காவ எதுத்துப் பேச எனக்கு வாய் வரல. எனக்குப் பதிலா அந்த ராசாவாவது பேசுதாரேன்னு விட்டுட்டேன். இங்க வந்தா குட்டு உடைஞ்சு போகும்னுதான் உன்னக் கூட்டிட்டு வர யோசிச்சேன்."

மதினி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. பிள்ளையைத்தான் உலுக்கினாள். "ராசாவுக்குச் சோத்தாங்கைன்னு தெரிஞ்சும் இத்தன நாளு நொட்டாங்கையால தின்னியா? என்ன தைரியம்ட்டி உனக்கு?"

பூமாரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இதையெல்லாமா கேட்பார்கள் என்கிற பார்வை.

"எங்கம்மாதான தின்னச் சொன்னா. ராசாவா சொன்னாரு?"

இத்தனை நாளும் ராஜா பேரைச் சொல்லித்தான் என் பிள்ளையைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த ராஜாவை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. என் ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. செங்கோலைக் கையில் கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.

மதினியின் கையிலிருந்து என் மகளின் கையை விடுவித்தேன். வடைப் பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். சிரித்த தியேட்டர் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

"பூமாரி, அத்தைக்கு உன் கையால ஒரு வடை எடுத்துக் குடு."

பூமாரி இடது கையால் வடையை எடுத்து நீட்டினாள். எங்கள் பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மாட்டுங்கா மாமிகூடத் திரும்பிப் பார்த்தாள். மதினி கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. வடை அப்படியே நின்றது. பிள்ளையின் கையும் இறங்கவில்லை.

"வாங்குக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

மதினி நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். வேறு யாரோ பேசியதாக நினைத்திருப்பாள். நானே அப்படித்தான் நினைத்தேன். அவர் எழுந்து நின்றிருந்தார். சுவரையோ தரையையோ பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தே மறுபடியும் சொன்னார்.

"எம்மவ குடுக்கா. வாங்கு."

மதினி கையை நீட்டி வாங்கினாள்.