ஜெர்மனி மரியாதை

நாதஸ்வரக்காரர் சின்னராசு ஜெர்மனியில் இருந்தது பன்னிரண்டே நாள். அதைப் பற்றிப் பேசியது ஐந்து மாதம். மலைமேல் பல ஊர் சேர்ந்த அரியூர் நாட்டில் காது உள்ள ஒருவரும் தப்பவில்லை.

ஒரு கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனவரை, அங்கே ஒரு சின்ன ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிவிட்டது. ஊர்த் தலைவரே ரயிலடிக்கு வந்து பெட்டியைத் தூக்கினார். தங்கிய வீட்டுக்கார அம்மா குளிருக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தாள். வாசிக்கும்போது முந்நூறு பேர் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் கேட்டார்கள். முடிந்ததும் எழுந்து நின்று ஆறு நிமிடம் கைதட்டினார்கள். அந்த ஆறு நிமிடம் சொல்லச் சொல்ல வளர்ந்து, பங்குனி வாக்கில் கால் மணி நேரத்தைத் தொட்டிருந்தது.

அதோடு விட்டாரா? மாசித் திருவிழாவில் பாதி வாசிப்பை நிறுத்தி ஊர்க்கவுண்டர் அப்புசாமியையே பிடித்துக்கொண்டார். "அங்க இருமறதுக்குக்கூட வெளியில போறாங்க. நான் இங்க உசுரைக் குடுத்து ஊதறேன், நீங்க மரவள்ளிக்கெழங்கு வெலை பேசறீங்க" என்றார். அப்புசாமிக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. மரியாதையில் ஜெர்மனிக்காரன் நம்மை மிஞ்சுவதாவது என்று அன்றைக்கே மனதில் முடிந்துவைத்தார்.

சித்திரையில் யமுனா கல்யாணம் வந்தது. யமுனா, சின்னராசுவின் மச்சான் குப்புசாமியின் மகள். ஏற்கனவே இரண்டு முகூர்த்தம் தவறிப்போயிருந்தது. ஒருமுறை மழையில் மலைப்பாதை சரிந்தது, ஒருமுறை மாப்பிள்ளை வீட்டில் சாவு. இந்த வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் தாலி ஏற வேண்டும். இதுவும் போனால் ராசியில்லாத பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்களே என்று குப்புசாமி பார்த்தவரிடமெல்லாம் புலம்பினார்.

அப்புசாமியோ வாசிக்கும்போது ஒருவரும் சத்தம் போடக்கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்திருந்தார். கல்யாணத்தன்று சின்னராசு வாத்தியத்தை வாயில் வைத்ததும் பந்தலில் ஒரு சத்தம் இல்லை. செல்போன்கள் அணைந்திருந்தன. சமையல்காரர்கள் கரண்டியைத் துணியில் சுற்றிக் கிளறினார்கள். சேவல்களைக் கூடை போட்டு மூடியிருந்தார்கள்.

சின்னராசுவுக்கு நெஞ்சு விம்மியது. தான் கண் திறக்கும்வரை தவிலில் கை படக்கூடாது என்று தவில்காரன் ராசுவிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடி ஆலாபனையைத் தொடங்கினார்.

முப்பது வருடமாக அவர் கல்யாணத்தைக் காதால்தான் பார்த்து வந்திருக்கிறார். பெண்கள் பேச்சு உயர்ந்தால் மணப்பெண் வருகிறாள். ஊர்க்கவுண்டர் "கெட்டிமேளம்" என்று கத்தினால் தாலி ஏறுகிறது. இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதனால் இன்னும் யாரும் வரவில்லை என்று எண்ணி ராகத்தை நிதானமாக விரித்துக்கொண்டே போனார்.

மணி பத்து இருபது. மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். அப்புசாமி விரலை ஆட்டிப் பார்த்தார், துண்டை வீசிப் பார்த்தார். வாயைத் திறந்து மறுபடி பேர் கெட்டுப்போக அவர் தயாராயில்லை. குப்புசாமி கண்ணில் தண்ணீர் முட்ட ராசுவைப் பார்த்தார். ராசு தவிலைப் பார்த்தான்.

பத்து இருபத்தாறுக்குச் சின்னராசுவின் மனைவி கலைச்செல்வி எழுந்தாள். ஊருக்குப் பயப்படலாம், ஜெர்மனிக்குப் பயப்படலாம். கட்டிய புருஷனுக்கு அவள் என்றைக்கும் பயந்ததில்லை. தோள்துண்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள்.

"ஏனுங்க, புள்ளைக்குத் தாலி ஏறோணும். கண்ணைத் தொறங்க."

திறந்தார். மாப்பிள்ளையின் கையும் குப்புசாமியின் கண்ணும் ஒரே நேரத்தில் தெரிந்தன. நாதஸ்வரத்தை வாயிலிருந்து பிடுங்கி, "கெட்டிமேளம்" என்று அவரே கத்தினார். ராசு வெளுத்து வாங்கினான். சின்னராசுவுக்கு மறுபடி ஊத நினைவு வந்தபோது மூன்றாவது முடிச்சே விழுந்துவிட்டது. மணி பத்து இருபத்தெட்டு.

அப்போதுதான் ஊரே எழுந்து நின்று கைதட்டியது. தட்டியது, தட்டிக்கொண்டே இருந்தது. அப்புசாமி ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்திருந்தார். ஏழு நிமிடமாயிற்று. குழம்பு ஆறியது. உள்ளங்கைகள் சிவந்தன. சின்னராசு கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதுங்க சாமி. அங்க ஆறு நிமிசந்தானுங்க."

கைகள் நின்றன. அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டார்.

"அங்க மொத நாளு எனக்கு ஒதறலுங்க. ஒருத்தரும் பேசலையே, புடிக்கலையாட்ட இருக்குதுன்னு. நம்மூருச் சத்தம் கொஞ்சம் இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. அதை மட்டும் நான் யாருகிட்டயும் சொல்லலைங்க."

யாரும் சிரிக்கவில்லை. பந்தி தொடங்கியது. சின்னராசு மறுபடி நாதஸ்வரத்தை எடுக்க, சொல்லிவைத்தபடியே ஊர் மறுபடி அடங்கியது. அப்புசாமி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு இலைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு வரிசை தள்ளியிருந்த குப்புசாமியிடம் இந்த வருடம் மிளகு என்ன விலை போகிறது என்று உரக்கக் கேட்டார்.

நாலாபக்கமும் பேச்சு கிளம்பியது. சின்னராசு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.