தோன்றா எழுவாய்

1934ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இருபத்திரண்டாம் நாள், சனிக்கிழமையன்று, மாணவர் ஒருவரும் இல்லாத வகுப்பில் ஓர் ஆசிரியர் பாடம் நடத்துமாறு செய்யப்பட்டார். அவ்வகுப்பில் மாணவரைப் பேசவைக்கவில்லை என்று அன்று பிற்பகலிலேயே அவர்மேல் குற்றமும் சாட்டப்பட்டது.

மேற்கண்ட வாக்கியங்களில் செயப்பாட்டுவினைகள் இரண்டு இருக்கின்றன. செய்தவர் பெயர் இரண்டிற்கும் இல்லை. இலக்கணம் அறிந்தவர் இப்படி எழுதலாகாதுதான். ஆனால் நடந்தது இப்படித்தான் நடந்தது.

அவ்வாசிரியரின் பெயர் தசரதன். வேப்பம்பட்டுக்கு அப்பால் ஒரு சேரியில், தாழ்த்தப்பட்டோர் நலனுக்கான அரசாங்கத்தின் லேபர் இலாகா நடத்திய பள்ளிக்கு அவரே தலைமையாசிரியர், அவரே உதவியாசிரியர். மழைக்காலத்தில் ஒழுகும் இடமெல்லாம் பானை எடுத்து வைப்பவரும் அவரே. அதைப் போன்ற வேறொரு சேரியில் பிறந்து, லோயர் கிரேடு பயிற்சி முடித்து வந்தவர். பள்ளியில் மூன்று வகுப்புகளே இருந்தன. நான்காம் வகுப்பைத் திறக்க வேண்டுமானால் ஹையர் கிரேடு பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்பது விதி. ஆகவே மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் சிலேட்டைத் தம்பி தங்கைக்குக் கொடுத்துவிட்டுக் கழனிக்குப் போய்விடுவார்கள். அவ்வாண்டு போகவேண்டியவர்களுள் முனியம்மா ஒருத்தி. நாற்று நடுகிற கூட்டத்தில் அவளுக்கும் ஓர் இடத்தை அவள் தாய் முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள்.

அவ்வட்டாரத்து ஆசிரியர் சங்கம் மாதந்தோறும் ஒரு சனிக்கிழமையில் ஏதேனும் ஒரு பள்ளியில் கூடும். முறைவைத்து ஒருவர் மாதிரிப் பாடம் நடத்துவார். மற்றவர்கள் பின்னால் அமர்ந்து கவனித்துவிட்டு, பிற்பகலில் குணமும் குற்றமும் எடுத்துரைப்பார்கள். கிராமத்து ஆசிரியர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். அந்த ஆண்டு மாதிரிப் பாடம் நடத்தியவர்களுள் ஒருவரைப் பள்ளி ஆய்வாளர் ஹையர் கிரேடு பயிற்சிக்குத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. கடைசி முறை தசரதனுடையது. ஐந்தாம் வகுப்புக்கு இலக்கணம்; தலைப்பு, தோன்றா எழுவாய். பாடம் தேறினால் பயிற்சி. பயிற்சி முடிந்தால் நான்காம் வகுப்பு. பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

தெரிந்ததனால் அவர்களே ஒத்திகைக்கு வகுப்பானார்கள். தசரதனின் முறை மற்றப் பள்ளிகளில் காணாதது. நாள்தோறும் ஒரு பிள்ளையை வகுப்புக்கு முன் நிறுத்தி, "இன்னிக்கு நீதான் வாத்தியாரு" என்று சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்துவிட்டுத் தாம் போய்ப் பாயில் உட்கார்ந்துகொள்வார். கேட்பதற்கு மட்டும் பழகிய பிள்ளை நாளைக்கு மேஸ்திரியின் குரலையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கும். கேள்வி கேட்கப் பழகட்டும் என்பது அவர் எண்ணம்.

"துன்னேன்!" என்று முனியம்மா வினையை மட்டும் வீசுவாள்.

"நானு!" என்று வகுப்பு எழுவாயைப் பிடிக்கும்.

"துன்னே!"

"நீ!"

"துன்னாங்க!"

இங்கேதான் கூரை அதிரும். "யாரு? யாரு?"

"முனியன் ஊட்டாளுங்க! சட்டியோட!"

"போடீ, உங்க ஊட்லதான் சட்டியக் கூட உடல!" என்பான் முனியன்.

சிரிப்பு அடங்கியபின் தசரதன் எழுந்து, தின்றேன், தின்றாய், தின்றார்கள் என்று திருத்தமான வடிவில் பலகையில் எழுதுவார். எழுவாய் சொல்லப்படாவிட்டாலும் வினையின் விகுதி அதைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பது பாடம். காலியிடம் ஒரு கோடாக வரையப்படும். அதை நிரப்புவது அன்றைய வாத்தியாரின் உரிமை.

கூட்டம் நடந்த ஊரின் பெயர் இங்கு வேண்டா. அதைச் சொல்லி மற்ற ஊர்களைத் தப்பவிடுவதாக இல்லை. ரயிலை விட்டிறங்கித் தசரதன் ஏரிக்கரைமேல் நடந்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மதகடியில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவன் அவரைக் கண்டதும் சொட்டச் சொட்டக் கரையேறினான்.

"வாத்தியாரா சார் நீங்க? இன்னிக்கு அஞ்சாங் கிளாஸ் இல்ல சார். எங்களுக்கு ஜுரம்."

சொல்லிவிட்டு மறுபடியும் குதித்தான்.

பள்ளிக்கூடத்தில் குப்பம்மா என்னும் பெண் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, பசங்க வர மாட்டாங்களா?"

"வாணாம்னுட்டாங்க சார்."

"யாரு?"

"அதான், சொன்னாங்க."

"யாரும்மா சொன்னாங்க?"

குப்பம்மா துடைப்பத்தின் அடியை உள்ளங்கையில் தட்டினாள். "இன்னா சார் நீ, பேரு போட்டா சொல்லுவாங்க? ஊடு ஊடா சொன்னாங்க. சேரி வாத்தியாரு நடத்துறாராம், பசங்கள அனுப்ப வாணாம்னாங்க. நான் பெருக்கறவ, என்னப் போயி கேக்கறியே."

பள்ளியின் தலைமையாசிரியர் மணவாளன். சங்கத்தின் செயலாளரும் அவரே. நெற்றியில் சந்தனம் காயாமல் வாசலுக்கு வந்து கைகூப்பினார்.

"ஜுரம் சார். ஊர் பூரா ஜுரம். என்ன பண்றது? நாங்களே பெஞ்சியில உக்காந்துக்கறோம். பதினெட்டுப் பேர் இருக்கோமே, போதாதா?"

"வேற தேதிக்கு வெச்சிக்கலாமா சார்?"

"இன்ஸ்பெக்டர் வந்து உள்ள உக்காந்துட்டார்."

"எங்க பசங்களையாவது கூட்டியாந்திருப்பேன்…"

"அதான் போன மாசமே சொன்னேனே. கூட்டம் நடக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதான்னு விதி. விதியை நானா எழுதினேன்?"

தசரதனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டிய இடம் அது. அவரும் எதிர்பார்த்தார். வரவில்லை. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால்போல உள்ளே ஏதோ ஒன்று மரத்துக்கிடந்தது. கிள்ளினாலும் தெரியாது, ஊன்றினால் மட்டும் உடல் சாயும். அவர் ஊன்றவில்லை. தலையை அசைத்துவிட்டுச் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார்.

பதினெட்டு ஆசிரியர்களும் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். முகப்பேர்ப் பள்ளியின் ஆனந்தன், சங்கத்தில் தசரதனின் தோள்மேல் கை போட்டுப் பேசும் ஒரே மனிதர், கடைசிப் பெஞ்சியிலிருந்து சுண்டுவிரலைத் தூக்கினார்.

"சார், ஒண்ணுக்கு உடுங்க சார்!"

கூடம் சிரித்தது. ஆய்வாளரும் சிரித்தார். தசரதனும் சிரித்திருக்க வேண்டும். உதடு இழுபட்டது அவருக்கே தெரிந்தது.

'வந்தேன்' என்று எழுதினார். "வந்தது யார்?"

விடை தெரியாதவர் அங்கு எவரும் இல்லை. கை தூக்க மனம் வந்தவர்தாம் இல்லை. தலைப்பாகையும் கோட்டுமாய் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர், சேரிப் பள்ளி வாத்தியாரின் கேள்விக்குக் கையை உயர்த்தி 'நான்' என்பாரா? "நான்" என்று தசரதனே சொன்னார்.

அடுத்தது 'வந்தாய்.' எதிரில் இருக்கும் மாணவனைச் சுட்டி "நீ" என்று காட்டவேண்டும். எதிரில் இருந்தவர் மணவாளன். தசரதனின் விரல் பாதி உயர்ந்தது. நீ: ஓரெழுத்தொருமொழி. சேரியில் அதைக் காலைமுதல் மாலைவரை நூறு தடவை சொல்வார். ஊரார் ஒருவரை நோக்கி அவர் வாய் அதைச் சொன்னதில்லை. அவர் தந்தையின் வாயும் சொன்னதில்லை. விரல் இறங்கியது. கை தானாகவே 'வந்தீர்கள்' என்று எழுதியது.

"நீங்கள்" என்றார், பலகையைப் பார்த்து.

பிறகு 'வந்தார்கள்' என்று எழுதினார். "வந்தவர்கள் யார்?"

அந்நேரம் பார்த்து ஏரியிலிருந்து ஒரு பெருங்கூச்சல் சன்னல் வழியே நுழைந்தது. ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஒரே சமயத்தில் குதித்திருக்க வேண்டும்.

"ஜுரக்காரங்க!" என்றார் கடைசிப் பெஞ்சியிலிருந்து ஆனந்தன்.

இந்தத் தடவை சிரித்தவர் குறைவு. மணவாளன் அங்கவஸ்திரத்தின் மடிப்பைச் சரிசெய்தார். தசரதன் 'அவர்கள்' என்று எழுதிப் பாடத்தை முடித்தார். இலக்கணம் அதுவரைக்கும்தான் கொண்டுபோய் விடும். அவர்களுக்குள் எவர் என்று கேட்டால் அதற்கு வழி தெரியாது.

பிற்பகலில் மணவாளன் எழுந்து, சங்கத்தின் வழக்கப்படி முதலில் குணத்தைச் சொன்னார். கையெழுத்து திருத்தமாக இருந்ததாம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுத்துநடைக்கு மாறினார்.

"மாணாக்கர் பங்கு கொள்ளுமாறு செய்யப்படவில்லை. வினாக்களுக்கு ஆசிரியரே விடை கூறினார். முன்னிலை ஒருமைக்கு எடுத்துக்காட்டுத் தரப்படவில்லை."

"மாணாக்கரே இல்லியே சார்" என்றார் ஆனந்தன்.

"நாம இருந்தோமே. பேர் சொல்லிக் கேட்டிருந்தா நாம சொல்ல மாட்டோமா?"

சிலர் தலையாட்டினார்கள். ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளைகள் வராதது அன்னாரின் பிழை அன்று, அதை விட்டுவிடலாம். ஆனால் இலக்கணப் பாடத்தில் முன்னிலை ஒருமையை விடலாமா, மிஸ்டர் தசரதன்? தன்மையைச் சொன்னீர், படர்க்கையைச் சொன்னீர். 'நீ' எங்கே போயிற்று?"

கூடம் திரும்பிப் பார்த்தது. இப்போது சொல்லலாம். காரணம் முழுவதும் முதல் பெஞ்சியில் சந்தனம் பூசி உட்கார்ந்திருக்கிறது. எழுந்து ஒரு விரலை நீட்டினால் போதும். பாடமும் முடியும், விடையும் கிடைக்கும். தசரதன் தம் நாக்கைத் தேடினார். அது வாய்க்குள் எங்கோ ஒரு கட்டை போலக் கிடந்தது.

"மறந்துட்டேன் சார்."

"ஆசிரியர் மறக்கலாகாது" என்றார் ஆய்வாளர், கடுமையின்றி.

பயிற்சிக்குத் தேர்வானவர் ஆனந்தன் என்று கூட்டத்தின் முடிவில் அறிவித்தார். கைதட்டினார்கள். தசரதனும் தட்டினார், உள்ளங்கை உள்ளங்கையில் படுவது ஓசையால் மட்டுமே தெரிந்தது. புறப்படும்போது குப்பம்மா ஒரு வாளித் தண்ணீருடன் உள்ளே வந்தாள். அவள் பலகையைத் துடைக்கவில்லை; கழுவினாள். "கழுவச் சொன்னாங்க சார்" என்றாள், அவர் கேளாமலே.

ரயிலடி வரைக்கும் ஆனந்தன் உடன் வந்தார்.

"நைனா, நானா போய்க் கேக்கல. என் பேரப் போட்டுட்டாங்க."

"சரி. நல்லாப் படிச்சிட்டு வா."

"எங்க ஸ்கூல்ல அஞ்சாவது வரைக்கும் ஏற்கெனவே கீது. நான் போயி இன்னா பண்ணப் போறேன்? உனக்குத்தான் வேணும், எனக்குத் தெரியாதா?" ஆனந்தன் ஒரு கல்லை எத்தினார். "அந்தாளப் பாத்து 'நீ'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்யா நீ. வெரலு பாதியில நின்னிச்சே, நான் பாத்துகினேதான் இருந்தேன்."

"பாத்துகினுதானே இருந்தே" என்றார் தசரதன்.

குரலில் குத்தல் இல்லை. வண்டி வந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னார். வண்டியும் வந்தது.

திங்கட்கிழமை காலையில் பள்ளியில் பிள்ளைகள் பாயில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைய வாத்தியார் முனியம்மா. எண்ணெய் வைத்துத் தலையை இழுத்துப் பின்னியிருந்தாள்.

"சார், நாலாங் கிளாஸ் வருதா?"

"இல்லேன்னுட்டாங்க" என்றார் தசரதன்.

சொன்னபின்புதான் தம் வாக்கியம் அவர் காதில் விழுந்தது. அதற்குள் வகுப்பு அதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டது. சார் வினையை வீசிவிட்டார்; எழுவாயைப் பிடிக்கவேண்டும்.

"யாரு? யாரு?"

"மேஸ்திரி!" என்று கத்தினான் முனியன்.

"முனியன் ஊட்டாளுங்க!"

சிரித்தார்கள். முனியம்மா சிரிக்கவில்லை. அவள் பலகைக்குப் போய், அவர் கற்பித்தபடியே, திருத்தமான வடிவில் 'இல்லை என்றார்கள்' என்று எழுதினாள். 'லை'யின் கொம்பு சற்றுக் கோணியது. அழித்துத் திரும்ப எழுதினாள். அதற்கு முன்னால் ஒரு கோடு வரைந்தாள். நிரப்பும் உரிமை அன்று அவளுடையது. ஆயினும் கோட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சுண்ணக்கட்டியை அவரிடம் நீட்டினாள்.

"எனக்குத் தெரியல சார். நீ எழுது."

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள் அந்த ஓரெழுத்தை! தசரதன் சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டார். பலகையின் முன் நின்றார். மூன்று வகுப்புப் பிள்ளைகளும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணக்கட்டி விரல்களுக்கிடையே இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கோடு நிரப்பப்படவில்லை. இல்லை, அவ்வாறு எழுதுவது பிழை. அதிலும் செய்தவர் ஒளிந்துகொள்கிறார். படிப்பவரே, மணவாளனைக் காட்டிவிட்டு நகர வேண்டா. வீடு வீடாகச் சொன்னவர் அவர் ஒருவர் அல்லர். தலையாட்டியவர் இருக்கிறார், பார்த்துக்கொண்டிருந்தவர் இருக்கிறார், பிள்ளையை ஏரிக்கு அனுப்பியவர் இருக்கிறார். உம் வீட்டிலும் அன்று ஒருவர் இருந்திருப்பார். சுண்ணக்கட்டியை வாங்கும். 'அவர்கள்' என்று எழுதாதீர். அது விகுதியிலேயே இருக்கிறது. பெயரை எழுதும்.